சொந்தக்காரர் தொடக்கூடாது

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பானுப்பிரியா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? மேலே ராணுவப் போஸ்ட்டில் செல்போன் எடுக்காது, எப்போதாவது சாட்டிலைட் போனில் முறை வந்தால் உண்டு, மற்றபடி கடிதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் பேனா பிடித்துக் கடிதம் எழுதி வருஷக்கணக்கு ஆகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பஸ் பிடித்து ராஜபாளையம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். இந்த வருஷம் எனக்கு எட்டாம் வகுப்பு. உங்கள் மகன் அழகுராஜாவும் அதில்தான் இருக்கிறான். சில பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், சிலருக்குத் தெலுங்கு, மில் குடியிருப்பிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தி. ரிங்கி குமாரி என்று பிகாரிலிருந்து வந்த ஒரு பெண். நான் சிரித்தால் சிரிக்கிறாள், முறைத்தால் முறைக்கிறாள். பாடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். நாலு பேருக்கு ஒரு செல்போன். பாடத்தை அதில் தேடி, ஒருவருக்கொருவர் சொல்லிப் புரியவைத்து, கடைசியில் குரலில் பதிவு செய்து எனக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். யாருக்குக் குறைவாகத் தெரியுமோ அவர்தான் பதிவில் பேச வேண்டும். அப்போதுதான் தெரிந்தவன் சும்மா உட்கார முடியாது. தலைமையாசிரியர் ஐயாதுரை சார், "பிள்ளைக கையில போனா, ஏம்மா நீங்க வேற" என்றார். பிறகு, கடைசிப் பீரியடு மட்டும், யாருக்கும் அழைப்பு பேசக்கூடாது என்று அரைமனதாக விட்டுவிட்டார்.

முதல் வாரம் ரகளை. யார் வீட்டுப் போனோ அவன் ஜமீன்தார் ஆகிவிட்டான். மற்ற மூன்று பேரும் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான். உடனே விதி போட்டேன். போனின் சொந்தக்காரர் அதைத் தொடக்கூடாது. கேட்கலாம், சொல்லலாம், சண்டைகூடப் போடலாம். கை மட்டும் வைக்கக்கூடாது. மறுநாளே வகுப்பு ஒழுங்காகிவிட்டது.

ஒரே ஒரு குழுவுக்கு இன்னும் போன் இல்லை. அழகுராஜா, ரிங்கி, மாரிசெல்வம், வெங்கடலட்சுமி. நீங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன போன் சும்மாதானே இருக்கிறது. அதைத் தரலாமா? சாயங்காலம் பள்ளிக்கூட பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
பானு

2 ஆகஸ்ட் 2024

பானுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். மூச்சு பழகிவிட்டது. இங்கே தண்ணீர் குடிக்கவும் பனியை உருக்க வேண்டும். கூமாப்பட்டி முத்துக்குமரன் கூட இருப்பதால் தமிழ் மறக்கவில்லை. மற்றபடி நாள் முழுக்க இந்திதான்.

போனை எடுத்துக்கொள். கிடக்கிற பொருள் நாலு பிள்ளைகளுக்கு உதவட்டும். சிம்மைக் கழற்ற வேண்டாம். உன் மதினி முனீஸ்வரியிடம் நான் சொன்னதாகச் சொல். அழகுவிடமும் சொல்லிவிடு. ரயில் ஏறும்போது அந்தப் போனைப் பற்றி அவனிடம் ஏதோ சொன்ன ஞாபகம். ஒரே கூட்டம், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பெரிதாக ஒன்றும் இருக்காது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஜெயபாண்டி

ராஜபாளையம்
24 ஆகஸ்ட் 2024

பானுவுக்கு மதினி எழுதுறது.

நீ சுகமா இருப்ப. போன்ல பேசுனா சண்டையாயிரும்னுதான் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி கிட்ட இந்தச் சீட்டைக் குடுத்து விடுறேன்.

எம்புள்ளைய நாலு பேர் முன்னாடி என்ன சொன்ன நீ? வீட்டுக்கு வந்து சாப்பிடல. கேட்டா, "அப்பா எனக்குத்தான் குடுத்தாரு, அத்த அதப் பிடுங்கி அந்த மில்லுக்காரப் பிள்ள கிட்டக் குடுத்துட்டாக"ன்னு மட்டும் சொல்லுதான். அந்தப் போனை ஜூன் மாசத்துல இருந்து தினமும் சார்ஜ் போட்டுத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுப்பான். ஒரு நாளும் அதுல விளையாடி நான் பார்க்கல. சும்மா வச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பான்.

உன் கடைசிப் பீரியடுக்கு இனி வர மாட்டானாம். சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்துக்கிடுவானாம். நானும் சரின்னுட்டேன். தை பொறந்ததும் மதுரையில ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அட்மிஷன் போடப் போறேன். அடுத்த வருசம் அவன் அங்கதான்.

இத அவியளுக்கு எழுதாத. மலை மேல இருக்கிற மனுசனுக்கு இது எதுக்கு. எனக்காக இல்ல, அவியளுக்காகச் சொல்லுதேன்.

முனீஸ்வரி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல வெயில். உங்களுக்குக் கொஞ்சம் அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

போன் வந்துவிட்டது, நன்றாக உழைக்கிறது. போன வாரம் அழுத்தம் பற்றிய பாடம். மணலில் செங்கலைப் படுக்க வைத்தால் குறைவாக அழுந்தும், நிறுத்தி வைத்தால் ஆழமாக இறங்கும். மாரிசெல்வத்தின் அப்பா கொத்தனார் என்பதால் செங்கலுக்குப் பஞ்சமில்லை. வெங்கடலட்சுமி போனில் இந்தியில் தேடிக் கொடுக்க, ரிங்கி படித்துவிட்டு, தமிழில் பேசிப் பதிவு செய்தாள். "கல் நின்னா மண்ணுக்கு வலி ஜாஸ்தி" என்றாள். பாடப் புத்தகம் அரைப் பக்கம் எடுத்துக்கொண்டதை இந்தப் பெண் ஒரு வரியில் முடித்துவிட்டாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

மதினி நலம். அழகு நலம். கொஞ்சம் மெலிந்திருக்கிறான், வளருகிற வயசு.

தங்கை,
பானு

6 அக்டோபர் 2024

பானுவுக்கு,

சுகம். பனி கூடிவிட்டது, தபால் தாமதமாகும்.

செங்கல் சங்கதி படித்தேன். முத்துக்குமரனுக்கும் படித்துக் காட்டினேன், சிரித்தான். அதில் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். அழகு என்ன செய்தான் என்று எழுதவில்லை. அவன் எந்தப் பக்கம் உட்காருகிறான்? அவன் குரல் பதிவில் வருகிறதா?

முனீஸ்வரிக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

ஜெயபாண்டி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
26 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்குத்தான் வைத்தியநாதர் கோயிலில் வாராவாரம் ஒரு விளக்கு போடுகிறேன்.

மதினிக்கு ஒரு வருத்தம். புரட்டாசி மாதம் சாட்டிலைட் போனில் உங்கள் முறை வரும், கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தாளாம். ஒரு நாள் தோப்புக்குப் போயிருந்தாள், அங்கே சிக்னல் கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டிருப்பீர்களோ என்று இன்னும் புலம்புகிறாள்.

வகுப்பு ஓடுகிறது. தெலுங்குப் பிள்ளைகளும் மில் பிள்ளைகளும் இப்போது அடித்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள். ரிங்கி மீது மட்டும் ஒரு குறை. போன மாதம் நான் ஐயாதுரை சார் அறைக்குப் போயிருந்த நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். வகுப்பை விட்டுப் போன் வெளியே போகக்கூடாது என்பது விதி. ஏன் ஓடினாய் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் போனைப் பிடிக்கும் முறையை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அழகு நலம்.

தங்கை,
பானு

17 நவம்பர் 2024

பானுவுக்கு,

சுகம்.

அந்தப் பெண்ணைத் தண்டிக்காதே.

அழகு நலம் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பற்றியும் வீட்டுக்கு அப்படித்தான் எழுதுவார்கள், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜெயபாண்டி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் நல்லதும் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: அழகு எந்தப் பக்கமும் உட்காருவதில்லை. அவன் குரல் ஒரு பதிவிலும் இல்லை. ஆகஸ்டிலிருந்து கடைசிப் பீரியடு மணி அடித்ததும் எழுந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறான். எதிரே வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மதினி அவனை மதுரை ஹாஸ்டலில் சேர்க்கத் தையில் விண்ணப்பம் போடப் போகிறாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

நடந்தது இதுதான். உங்கள் போனைக் கொண்டுவந்த முதல் நாள், அவன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தர மாட்டேன் என்றான். மருமகன் என்று சலுகை காட்டினால் வகுப்பு என்ன நினைக்கும்? எல்லாரையும் திட்டுகிற மாதிரியே திட்டினேன். "ஏலே, இது என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்காமல், "ஆமா, எங்கப்பாது" என்றான். நான் அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். விதி விதிதான் என்று, ரிங்கியை விட்டு அவன் மடியிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

நீங்கள் சொல்லிவிடு என்று எழுதியதையும் நான் முன்கூட்டி அவனிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அதை எடுத்துவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் இருக்காது. ரிங்கி இப்போதுதான் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அதனால் அங்கேயே இருக்கிறது.

அண்ணா, எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. வகுப்பில் அந்த ஒரு இடத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தப் பழகிவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

தங்கை,
பானு

30 டிசம்பர் 2024

பானுவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இது கொஞ்சம் நீளமான கடிதம்.

நீ எழுதியது எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். சாட்டிலைட் போனில் என் முறை வந்தது. முனீஸ்வரிக்குப் போட்டேன், போகவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் என்னுடையதுதான். போட்டேன். ஒரு பெண் பிள்ளை இந்தியில் யார் என்று கேட்டது. நான் இந்தப் போனின் சொந்தக்காரன் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் தொடக்கூடாது" என்றது. நான் தொடவில்லை, தூரத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன்.

அழகுவின் அப்பா என்று தெரிந்ததும் எல்லாம் சொன்னாள். அவன் வருவதில்லை, சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறான், அவன் இடத்தில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை, அவன் முறையையும் வைத்திருக்கிறோம் என்றாள். அப்போதுதான் ரயில் ஏறும்போது அவனிடம் சொன்னது எனக்கு நினைவு வந்தது. "அம்மா போன்ல கூப்பிட்டா அம்மாவே பேசி முடிச்சிருவா. இது உன் கையில இருக்கட்டும். நான் என் நம்பருக்கே கூப்பிடுவேன், நீ எடு." சொன்னவன் மறந்துவிட்டேன். அவன் சார்ஜ் போட்டு வைத்துக் காத்திருந்ததாக முனீஸ்வரி போன கடிதத்தில் சாதாரணமாக எழுதியிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் அதில் கூப்பிடவில்லை. பிறகு யாரிடமும் கேட்காமல் அதைத் தூக்கி உனக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண், "ஓடிப்போய்க் கொடுக்கட்டுமா" என்றாள். கொடு என்றேன். ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் என் நேரம் முடிந்து லைன் போய்விட்டது. டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை, தண்டனையையும் வாங்கிக்கொண்டாள். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பிடிவாதம். அதில் மூன்று மாதம் வீணாகிவிட்டது.

இதனுடன் அழகுவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இந்தியில் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதினால் தனியாக ஒரு மூலையில் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவான், என் மகனை எனக்குத் தெரியும். இதைப் படிக்க அவன் யாரிடம் போக வேண்டும் என்று உனக்கே புரியும். நீ கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு.

ஜெயபாண்டி

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். இந்த முறை அந்த வார்த்தையை நம்பலாம்.

கடிதத்தைப் பொங்கல் அன்று அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் சொன்னபடி பேசாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மதினி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, கொடியில துணி காயப் போட்ட மாதிரி" என்றாள். அழகு மதினியின் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறான். "மலை உப்பு மகன் சைக்கிள் மன்னிப்பு வரிசை" என்று வந்ததாம். உங்கள் இந்திக் கையெழுத்தும் தமிழ்க் கையெழுத்து மாதிரிதான் போல. மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவனை விடவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வாரம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான்.

போன திங்கட்கிழமை கடைசி மணி அடித்தது. அவன் எழுந்து போகவில்லை. குழுவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கடிதத்தை நீட்டினான். ரிங்கி வாங்கிக்கொண்டு, "உன் கடிதம்தானே, நீ தொடக்கூடாது, உட்கார்" என்றாள். அவன் உட்கார்ந்தான். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

நான் மேஜையிலேயே இருந்துவிட்டேன். அவள் படிக்க, மாரிசெல்வம் தமிழைத் திருத்த, வெங்கடலட்சுமி மறுபடி மறுபடி கேட்க, பீரியடு முழுக்க ஓடியது. எட்டிப் பார்க்கவில்லை. அழகு மட்டும் கடைசியில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி இருந்தார்கள்.

மறுநாளும் வந்தான். ரிங்கியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை டீச்சர், நீங்கள் விதிப்படிதான் செய்தீர்கள் என்றாள். இப்படிச் சுத்தமான தமிழில் குட்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மதுரை விண்ணப்பம் மதினி கைப்பையில் இருக்கிறது. அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

தங்கை,
பானு

ராஜபாளையம்
10 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நான் அழகுராஜா. சொல்வது நான், எழுதுவது ரிங்கி. என் கடிதத்துக்குப் பதில் என்பதால் நான் சொந்தக்காரன், பேனாவைத் தொடக்கூடாது என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள்.

இங்கே நான், அம்மா, அத்தை எல்லாரும் நலம். அங்கே குளிர் குறைந்ததா?

உங்கள் கடிதத்தைப் படித்தோம். என்னை மன்னித்துவிடு என்று நீங்கள் எழுதிய இடத்தில் ரிங்கிக்குத் தமிழ் வார்த்தை வரவில்லை. காதைப் பிடித்துக் காட்டினாள். நீங்கள் என்னைத் தோப்புக்கரணம் போடச் சொல்கிறீர்கள் என்று மாரிசெல்வம் சொன்னான். அப்புறம் அவள் பேப்பரில் படம் போட்டாள். படத்தில் காதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மீசை வைத்திருந்தார். அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு ரிங்கி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கேலி செய்ய வருகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் சொல்ல வந்ததையும் கேட்காமல் போய்விட்டேன். நீங்கள் அதில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று மதுரை விண்ணப்பத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டேன். அம்மா திட்டவில்லை.

சாச்சாஜி, தமிழில் சித்தப்பா, இது ரிங்கி. தமிழ் எழுத்து எல்லாம் நான். தப்பு இருந்தால் மாரிசெல்வம்.

அப்பா, ஐயாதுரை சாரிடம் அத்தை அனுமதி வாங்கிவிட்டார்கள். அடுத்து உங்கள் போன் முறை வரும்போது கடைசிப் பீரியடில் உங்கள் நம்பருக்கே கூப்பிடுங்கள். நான் எடுக்க மாட்டேன். ரிங்கிதான் எடுப்பாள். ஆனால் அவள் ஓட வேண்டியதில்லை. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அழகுராஜா